ஒரு மணி வெயிலும் பழைய லென்ஸும்

ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவின் விசேஷம், படம் எடுப்பவர் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை என்பதுதான். மேல்மூலையில் உள்ள சிறு ஜன்னலின் வழியாக அவர் உலகத்தைப் பார்க்கிறார். அதன் மத்தியில் தெரியும் சின்னச் செவ்வகத்துக்குள் ஒரே உருவம் இரண்டாகப் பிரிந்து நிற்க, வளையத்தைத் திருகத் திருக அவை நெருங்கி வந்து ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்போது தூரம் சரியாயிற்று என்று தெளிகிறார். ஆனால் அந்த உருவத்தைப் பிலிமில் வரையப்போகும் லென்ஸ் எழுபது வருஷத்துக்கு முன் கடையப்பட்டதா, போன வருஷம் தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பதைப் பற்றி அந்த ஜன்னல் ஒரு வார்த்தையும் சொல்லாது. வீட்டைவிட்டுப் புறப்படும்போதே எந்த லென்ஸ் என்று தீர்மானம் செய்துகொண்டு, பிலிம் கழுவி வரும்வரை அந்தத் தீர்மானத்தின் பலாபலனை அறியாமல் காத்திருப்பதே இந்தக் காமிரா வைத்திருப்பவரின் கதி. ஆகவே பழைய லென்ஸா, நவீன லென்ஸா என்ற விவகாரம் இவர்களிடத்தில் மற்றவர்களைக் காட்டிலும் அதிக சிரத்தையோடு விவாதிக்கப்படுவதில் ஆச்சரியமில்லை.

அந்த விவாதத்தில் இரண்டு கட்சிகள் வெகுகாலமாக உண்டு. பழையதைப் போற்றுகிறவர்கள் அதில் ஜீவன் இருக்கிறது என்கிறார்கள். நவீனத்தைப் போற்றுகிறவர்கள் ஒரு மில்லிமீட்டரில் எத்தனை கோடுகளைப் பிரித்துக் காட்டுகிறது என்ற கணக்கை முன்வைக்கிறார்கள். இரு தரப்பாரிடத்திலும் உண்மை உண்டு. எனினும், வடதேசங்களின் சாய்ந்த வெயிலிலும் மேகமூட்டத்திலும் எடுத்த படங்களை ஆதாரமாக வைத்துப் பிறந்த அபிப்பிராயங்களே அவற்றில் பெரும்பாலானவை. பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தூரத்தில் குடியிருந்துகொண்டு, கறுத்த மேனியும் வெள்ளை உடையுமாக நடமாடும் நம்மவர்களைப் படம் எடுக்கிறவர் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ள நியாயமில்லை. இந்தச் சிங்கப்பூர்த் தீவின் ஒளியை நன்றாகக் கவனித்தபின் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம் இது: பகலுக்குப் பழைய லென்ஸ், இரவுக்குப் புதிய லென்ஸ். பொதுவில் சொல்லப்படுவதற்கு இது நேர்மாறானது என்பதை அறிந்தே சொல்கிறேன்.

நான் வசிக்கும் பூன் லே, தீவின் மேற்குப் புறத்தில், ஜூரோங் தொழிற்பேட்டைக்கு அருகே இருப்பது. சியூ பூன் லே என்ற சீன வர்த்தகரின் தோட்டமாக ஒரு காலத்தில் இருந்து, அவர் பெயரையே தாங்கி நிற்கும் ஊர். 1990-இல் ரயில் வந்தது. இங்கே அடுக்குமாடிப் புளோக்குகளின் வெளிர்நிறச் சுவர்களும் சிமெண்டு நடைபாதைகளும் வெயிலை வாங்கித் திருப்பி எறிகின்றன. சிங்கப்பூரின் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், பகல் ஒரு மணிக்குத்தான் உண்மையான உச்சி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் அந்நேரத்தில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே நிற்கும். ஆள் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். நெற்றியும் மூக்குத்தண்டும் கன்ன எலும்பும் பளபளக்க, புருவத்துக்குக் கீழே கண்கள் இரண்டும் இருண்ட குழிகளாகிவிடும். வெள்ளைச் சட்டையின் பிரகாசத்துக்கும் அந்தக் குழிகளின் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாங்குவது கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு எளிதான காரியமல்ல. சட்டைக்கு அளந்தால் முகம் கரியாகும். முகத்துக்கு அளந்தால் சட்டை வெளுத்துக் காகிதமாகும்.

இங்கேதான் பழைய லென்ஸின் குறை ஒரு குணமாக மாறுகிறது. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு தளத்திலும், மேற்பூச்சு இல்லாவிட்டால், வந்த ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு திரும்பிப் போகிறது. அத்தகைய தளங்கள் எட்டு இருந்தால் நஷ்டம் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். அப்படித் திரும்பிய ஒளியில் ஒரு பகுதி வெளியேறிப் போகாமல், தளத்துக்குத் தளம் பட்டுத் தெறித்து லென்ஸுக்குள்ளேயே அலைந்து, கடைசியில் படம் முழுவதிலும் மெல்லிய மூட்டமாகப் படிகிறது. சைஸ் நிறுவனத்தின் லூத்விக் பெர்ட்டலே 1930-களின் தொடக்கத்தில் காண்டாக்ஸ் காமிராவுக்காகச் சொன்னார் என்னும் லென்ஸை அமைத்தபோது, ஏழு கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டிச் சேர்த்து, காற்றைத் தொடும் தளங்களை ஆறாகக் குறைத்ததன் சூட்சுமம் இந்த நஷ்டத்தைத் தவிர்ப்பதே. 1935-இல் அதே நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்தார். யுத்தத்துக்குப் பின் ஒரு படலப் பூச்சு எங்கும் சாதாரணமாயிற்று. எழுபதுகளில் பல படலப் பூச்சு பரவியபின் ஒவ்வொரு தளத்தின் நஷ்டமும் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஐம்பதுகளில் செய்த லென்ஸ் இந்தச் சரித்திரத்தின் நடுவில் நிற்பது. மூட்டம் முற்றிலும் நீங்கவில்லை. படத்தைக் கெடுக்கும் அளவுக்கும் இல்லை. வெளிச்சமான பகுதிகளில் அந்தச் சிறு ஒளி சேர்வதால் ஒன்றும் தெரியாது. ஆனால் நிழலில், பிலிம் உணர்வதற்கு வேண்டிய குறைந்தபட்ச ஒளிகூட எட்டாத இடத்தில், அந்தக் கொஞ்சம் சேர்ந்தால் அதுவரை பதியாமல் போயிருக்கக்கூடிய இமையும் விழிவெள்ளையும் பதிந்துவிடுகின்றன. பிலிமை முன்னதாகவே லேசாக ஒளி காட்டி வைத்துக்கொண்டு பிறகு படம் எடுக்கும் யுக்தியைப் பழைய கைகாரர்கள் அறிவார்கள். அதே உபகாரத்தைப் பழைய லென்ஸ் தானாகச் செய்கிறது. டிஜிட்டல் காமிரா உடையவர்களுக்கு இந்த வாதத்தின் பலம் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். நவீன சென்சார் நிழலில் நிறையச் சேமித்து வைத்திருக்கும். அதைப் பிறகு கம்ப்யூட்டரில் மேலே கொண்டுவரலாம். பிலிமுக்கோ பிற்பாடு என்பது இல்லை.

எங்கள் புளோக்கின் கீழ்த்தள நிழல் முடிந்து நடைபாதை வெயில் தொடங்கும் விளிம்பில், மத்தியான வேளையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவரை, அவர் சம்மதத்தோடு, இரண்டு லென்ஸாலும் படம் எடுத்தேன். ஒன்று ஐம்பதுகளில் செய்த 50 மில்லிமீட்டர் கேனன், அதன் பெரிய துவாரம் எஃப் 1.8, மற்றது இக்காலத்து 50 மில்லிமீட்டர் சைஸ் பிளானார், எஃப் 2. இரண்டையும் எஃப் 5.6-க்குக் குறுக்கி, ஒரே பிலிமில் அடுத்தடுத்து எடுத்த படங்கள். “வெயில்ல கண்ணு கூசுது தம்பி, சட்டுனு எடுத்துக்குங்க” என்றார். பிரிண்டுகளை அருகருகே வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், முகத்தின் கூர்மையில் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் காண முடியவில்லை. அந்தத் துவாரத்தில் பெரும்பாலும் எல்லா நல்ல லென்ஸும் கூர்மையானவையே. பிளானார் படத்தில் சட்டையின் நெசவும் தாடையின் நரைமுள்ளும் எண்ணக்கூடியபடி நிற்கின்றன, ஆனால் கண்கள் இல்லை. புருவத்தின் கீழே வெறும் கறுப்பு. கேனன் படத்தில் நெசவு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கறுப்பு என்பது முழுக் கறுப்பாக இல்லாமல் ஆழ்ந்த சாம்பலாக இருக்கிறது. அந்தச் சாம்பலுக்குள், வெயிலுக்குச் சுருங்கிய இமைகளின் நடுவே, அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மனிதரின் முகத்தைப் பதிவுசெய்ய முனைந்தவன் சட்டை நெசவுக்காக அவர் பார்வையை இழக்கலாகாது. என் தேர்வுக்கு ஆதாரம் இவ்வளவே.

பழைய லென்ஸை அமைத்த மேதைகள் இந்த மூட்டத்தை விரும்பி வைத்தவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் தம் காலத்தில் அதிநவீனமானதையே செய்ய முயன்றார்கள். லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் 1950-இல் டோக்கியோவில் நிக்கோர் லென்ஸ்களைப் பரீட்சித்து வியந்து, அவற்றோடு கொரிய யுத்தகளத்துக்குச் சென்றபோது, அவை ஜெர்மானிய லென்ஸ்களையே அசைத்துப் பார்த்த புத்தம்புதிய சரக்கு. யாரும் அவற்றில் பழைமையின் மணத்தைத் தேடவில்லை. நாம் இன்று குணம் என்று கொண்டாடுவது அன்றைய லென்ஸ் நிபுணர் போக்க முடியாமல் விட்டுவைத்த பிழையைத்தான். இதைச் சொல்வதால் பழையதின் மதிப்புக் குறையவில்லை. எந்தப் பிழை எந்த வெயிலில் உதவுகிறது என்று அறிந்து பிரயோகிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

1950 ஏப்ரலில் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். அங்கே ரமண மகரிஷியின் கடைசி நாட்களை அவர் லைகா காமிராவால் எடுத்த படங்களும், அதே வருஷம் மதுரையில் எடுத்த படமும் உலகம் அறிந்தவை. அவர் ஆயுள் முழுவதும் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையே நம்பினவர்; அந்தக் காலத்து லென்ஸ் எதுவும் இன்றைய சோதனைச்சாலையின் அளவுகோலில் பின்வரிசையில்தான் நிற்கும். இதைக் கண்டு, கருவி எதுவானாலும் ஒன்றுதான், கண்ணே பிரதானம் என்று சொல்லிவிட்டுப் போவார் உண்டு. அந்த வாதம் எனக்குச் சம்மதமில்லை. தமிழ்நாட்டின் கோடை வெயிலில், கறுத்த மேனிகளின் முன்னே, அன்றைய லென்ஸ் கொடுத்த நிதானமான சாம்பல் தொனிகளும் அந்தப் படங்களின் பொருளில் பங்கு கொண்டவை என்றே நான் எண்ணுகிறேன். கண் தேர்ந்தவருக்குக் கருவியின் ஸ்வபாவம் அலட்சியமான விஷயமாக இருந்ததில்லை.

இனி இரவு. பழைய பெருந்துவார லென்ஸ்களை இரவுக்கென்றே தேடி வாங்குகிறவர்கள் இங்கே பலர். விளக்குகளைச் சுற்றி எழும் ஒளிவட்டத்தை அவர்கள் கனவுபோல இருக்கிறது என்பார்கள். லைகா காமிராவைச் செய்த லைட்ஸ் நிறுவனம் 1961-இல் வெளியிட்ட 35 மில்லிமீட்டர் சும்மிலக்ஸ், அதன் எஃப் 1.4 துவாரம் முழுவதும் திறந்திருக்கையில் காட்டும் ஒளிர்வுக்காகவே பெரிய விலை போகிறது. ஆனால் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிராங்கூன் சாலைக்குப் போய்ப் பாருங்கள். சாலைக்குக் குறுக்கே அலங்கார விளக்குகள். கேம்பல் லேன் சந்தையில் கடைக்குக் கடை உறையில்லாத பல்புகள். அத்தனையும் படத்தின் சட்டத்துக்குள்ளேயே நிற்கின்றன. பகலில் சூரியன் சட்டத்துக்கு வெளியே, தலைக்கு மேலே இருந்தான். இரவிலோ நூறு சூரியன்கள் லென்ஸை நேருக்கு நேர் பார்க்கின்றன. பழைய லென்ஸின் மூட்டம் இப்போது உபகாரமாக இல்லாமல் வெள்ளமாகிவிடுகிறது. ஓரங்களில் உள்ள விளக்கு ஒவ்வொன்றும் சிறகு விரித்த பறவையாக இழுபடுகிறது. விளக்குகளின் ஆவியுருவங்கள் முகங்களின்மேல் மிதக்கின்றன. மேலும் இரவின் முகங்களுக்கு மூட்டத்தின் உதவி தேவையே இல்லை. நான்கு புறமும் கடைகளிலிருந்து வெளிச்சம் வந்து கண்குழியை ஏற்கெனவே நிரப்பியிருக்கிறது.

தைப்பூசத்துக்கு முந்திய இரவில், பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை நோக்கிக் காவடிகள் புறப்படும் வேளையில் இது இன்னும் தெளிவாகும். வேலின் எஃகுமுனை, மயிற்பீலி, வெள்ளிக் குடம், திருநீறு பூசிய நெற்றி, வியர்வை: இவை எல்லாம் ஒளியைக் கூர்மையாகத் திருப்புபவை. அந்தக் கூர்மையைச் சிதற விட்டால் அந்த இரவே சிதறிப்போகும். கோள வடிவிலிருந்து சற்று விலகக் கடைந்த கண்ணாடிகளும் பல படலப் பூச்சும் உள்ள இன்றைய லென்ஸை, துவாரத்தை முழுவதும் திறந்து வைத்து, தயக்கமில்லாமல் பிரயோகிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துப் புல்வெளிகளில் அமர்ந்து, ஊரிலிருக்கும் குழந்தையோடு வீடியோவில் பேசும் தொழிலாளியின் முகத்தில் விழும் ஒளி, கைத்தொலைபேசியின் ஒளி மட்டுமே. அவ்வளவு சிறிய ஒளியை வீணாக்காமல் பிலிமுக்குக் கொண்டுசேர்ப்பது புதியதற்கே இயலும். பழைய லென்ஸ்கள் பலவும் ஒரு மீட்டருக்குக் கிட்டே போக மறுக்க, புதியவற்றில் பெரும்பாலானவை எழுபது சென்டிமீட்டர்வரை நெருங்கும்; நெரிசலில் அந்த முழத்துக்கும் குறைந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

வாங்கும் விஷயத்தில் இந்தத் தீவின் ஈரம் நமக்குச் சத்துரு. காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போகிறது. அலமாரியில் வெகுநாள் சும்மா கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டபின், பழைய லென்ஸ் தேடுகிறவர்கள் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அருகே உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரைத்தான் சுற்றுகிறார்கள். அங்கே போகிறவர் கையில் சின்ன டார்ச் ஒன்று இருக்கட்டும். துவாரத்தை முழுவதும் திறந்து, பின்புறத்திலிருந்து ஒளியைச் செலுத்தி, முன்புறத்தைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். வேர்போலக் கிளைத்த மெல்லிய வெண்ணிழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். கண்ணாடியின் விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டுப்பசை விட்டிருக்கிறது. எங்கும் ஒரே சீராகப் பால்போல மங்கியிருந்தால் எண்ணெய்ப் படிவு. நான் சொன்ன கேனன் லென்ஸில் துவாரத்துக்கு அடுத்த பின்தளத்தில் இந்தப் படிவு அடிக்கடி காணப்படும். நாளாகிவிட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், பிறகு துடைத்துப் பயனில்லை. சோவியத் ஜூப்பிடர் லென்ஸ் மலிவானது, படமும் அழகானது. ஆனால் லைகாவின் அளவுக்கு அது முற்றிலும் இசைவதில்லை, கிட்டத்தில் குவியம் தவறும். எந்த லென்ஸானாலும் ஒரு மீட்டர் தூரத்தில் பெருந்துவாரத்தில் சில படங்கள் எடுத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுக்கவேண்டும். வாங்கியபின் நூற்றுக்கு நாற்பதிலிருந்து ஐம்பது ஈரப்பதத்தில் நிற்கும் டிரை கேபினட்டில் வையுங்கள்; அதைவிட முக்கியமாக, எடுத்துப் படம் பிடியுங்கள்.

இந்தக் கவலைகளுக்கு அஞ்சுகிறவர்களுக்கு நடுவழி ஒன்றும் இருக்கிறது. ஜப்பானின் கோசினா நிறுவனம் ஃபோக்ட்லாண்டர் என்ற பழைய பெயரில் செய்யும் நோக்டன் கிளாசிக் லென்ஸ்களை ஒரு படலப் பூச்சோடும் பல படலப் பூச்சோடும் இரு வகையாக விற்றிருக்கிறது. முதல் வகையில் பழைய மென்மையின் ஒரு பகுதி புதிய கண்ணாடியில் கிடைக்கிறது. லைகா நிறுவனமும் 1935-ஆம் வருஷத்துத் தம்பார் லென்ஸை 2017-இலும், 1961-ஆம் வருஷத்துச் சும்மிலக்ஸை 2022-இலும் மறுபிறவி எடுக்கச் செய்தது. அவற்றின் விலை நம்மில் அநேகரின் சக்திக்கு அப்பாற்பட்டது.

லென்ஸ் என்றால் ஜெர்மனி அல்லது ஜப்பான் என்று பேசிப் பழகிய நாம், சிங்கப்பூரிலேயே லென்ஸ் கடைந்த காலம் ஒன்று இருந்ததை மறந்துகொண்டு வருகிறோம். ஜெர்மனியின் ரோலை நிறுவனம் எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே தொழிற்சாலை கண்டது. 1973-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, நுண்பொறித் தொழிலில் இளைஞர்களைப் பழக்க ஒரு பயிற்சி நிலையமும் தொடங்கிற்று. உலகப் புகழ்பெற்ற ரோலை 35 என்ற சின்னஞ்சிறு காமிராவும், 40 மில்லிமீட்டர் எஃப் 2.3 சொன்னார் லென்ஸோடு கூடிய எக்ஸ்.எஃப். 35 என்ற ரேஞ்ச்ஃபைண்டரும் சிங்கப்பூரில் செய்யப்பட்டது என்ற முத்திரையோடு உலகமெங்கும் போயின. பெர்ட்டலேயின் லென்ஸ் தாங்கிய சொன்னார் என்ற பெயர் நம் ஊர்க் கைகளால் கடைந்து, பூசி, கோக்கப்பட்ட கண்ணாடியின் வளையத்தில் பொறிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அங்கே உழைத்தார்கள். 1981-இல் நிறுவனம் நொடித்து, தொழிற்சாலையும் மூடப்பட்டது. அந்த லென்ஸ்கள் இன்று பழையன என்ற வரிசையில் சேர்ந்துவிட்டன. இந்த வெயிலுக்கு அவை எவ்வளவு பொருத்தம் என்று பரீட்சித்துப் பார்க்க வேறு ஊருக்குப் போகவேண்டியதில்லை.

ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்பவர், தாம் அதிகம் படம் எடுப்பது பகலிலா இரவிலா என்று மட்டும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால் பகல் என்பேன். ஆகவே பூஞ்சணம் படியாத பழைய 50 மில்லிமீட்டர் ஒன்று போதும் என்பேன். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற வேண்டுகோள் வேறு. இதைப் படிப்பவர்களில் ரோலை தொழிற்சாலையிலோ அந்தப் பயிற்சி நிலையத்திலோ வேலை செய்தவர்கள் இருந்தால், அல்லது உங்கள் தாயாரோ தகப்பனாரோ அங்கே இருந்திருந்தால், கண்ணாடியை எப்படிக் கடைந்தார்கள், பூச்சை எப்படிச் சோதித்தார்கள் என்பதைத் தமிழில் எழுதி வையுங்கள். அங்கே இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்போது ஏறக்குறைய எழுபது வயதாகிறது.